பொட்டியின் காது

காபியை ஆறவிடாதீர்கள் சார், ஆறினால் கஷாயம்தான். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம். பேச ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. சிரில் விஷயம்தானே கேட்டீர்கள்?

மேசைமேல் இருக்கிறதே, அதுதான் என் எண்ணும் பொட்டி. அறுபத்தெட்டில் நானே செய்தது. எங்கள் ஆண்டர்சன்பேட்டைக் கோழிகள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பாறை அதிர்ந்தால் எண்ணி விளக்கைப் போடும். ஆனால் டிரான்சிஸ்டர் காலுக்கு அளவு மீறி கரண்ட் போனால் வெந்துவிடும். கரண்டை மட்டுப்படுத்த நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். கையில் இல்லை, நாளைக்கு வாங்கலாம் என்று அப்படியே இணைத்துவிட்டேன்.

தங்கச் சுரங்கத்தில் நான் டெலிபோன் மெக்கானிக். கேபிளில் சும்மா கிடந்த இரண்டு கம்பியை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டேன். மேல்முனை போன் ரூமில், என் பொட்டியில். கீழ்முனை மேற்கு லெவல் சுரங்கப்பாதையில். அங்கே அதிர்வைப் பிடிக்கப் பழைய கிராமபோன் தலையைப் பாறையில் ஒட்டியவன் சிரில். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன்.

"இன்னா மச்சான், உன் பொட்டிக்குக் காது கேக்குமா?"

"எறும்பு தும்மினாலும் கேக்கும்டா."

"அப்போ நான் மாட்டிக்கினா மூணு மூணா தட்றேன். தூங்கிடாதே."

இரண்டு வாரம் கழித்து, காலை ஷிப்டில் பாறை சரிந்தது. சிரில் மட்டும் மேலே வரவில்லை. கிழக்கில் இருப்பான் என்று அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் விளக்கு எரிந்தது. மூன்று. மறுபடி மூன்று. அதுவரை பொட்டி ஒருமுறைகூடச் சரியாக எண்ணியதில்லை சார். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. பிறகு அடி பலமாயிற்று, சுத்தியல் போல. டிரான்சிஸ்டர் சுட ஆரம்பித்தது. இன்னும் நாலு அடி தாங்காது. கம்பியைப் பிடுங்கினேன்.

அவன் மேற்கில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். ஏது கம்பி என்று கேட்டுப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எப்படியும் மேற்கே சுற்றி வருவார்கள் என்று இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் வந்தார்கள். சுத்தியல் அவன் கையிலேயே இருந்ததாம்.

அந்த ஐந்து நாளும் அவன் சம்சாரம் பாக்கியவதி போன் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டாமல் நான் வெளியே போக வழியில்லை.

"அண்ணா, கீழேயிருந்து எதுனா சத்தம் வந்துச்சா?"

"இல்லம்மா."

கம்பியைப் பிடுங்கிய பிறகு வரவில்லை. நான் பொய் சொல்பவன் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ரெசிஸ்டர் வாங்கி வைத்துவிட்டேன். இப்போது கீழே யார் எவ்வளவு பலமாகத் தட்டினாலும் பொட்டிக்கு ஒன்றும் ஆகாது.