இரண்டாம் வரிக்கு முந்தைய மூச்சு

ஸ்பீக்கரை நேராக மர அலமாரி மேல் வைக்கக் கூடாது, சார். அலமாரியும் சேர்ந்து அதிரும், பாட்டு குழம்பிவிடும். இரண்டு டென்னிஸ் பந்துகளைப் பாதிப் பாதியாக வெட்டி நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தால் போதும். பெரிய செலவே இல்லை. உங்கள் வீட்டில் ஸ்டீரியோ இருந்தால் செய்து பாருங்கள்.

நான் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாகப் பார்வை சோதிக்கிறவன். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றிப் போட்டு, "முன்னாடி இருந்ததா, இப்ப இருக்கிறதா, எது தெளிவு?" என்று கேட்பேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஸ்டீரியோவையும் அப்படித்தான் சரிசெய்தேன். அவசரக்காரன் இல்லை நான்.

எங்கள் மகள் பாடிய கேசட் ஒன்றே ஒன்று இருக்கிறது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வயதில் பஸ் மோதிப் போய்விட்டாள். அதற்கு ஒரு மாதம் முன்னால், என்னைக் கிண்டல் செய்து அவளே இட்டுக்கட்டிய நாலு நிமிஷப் பாட்டு அது. 'அப்பாவுக்கு ரெண்டு காது, அம்மா கூப்பிட்டா ஒண்ணும் கேட்காது' என்று ஆரம்பிக்கும். அந்த வரி முடிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பாள். பிறகுதான் அடுத்த வரி. பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த மூச்சு எனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச காலமாக வீட்டில் கேசட்டைப் போட்டால் அது கேட்காது. ஓர் இரைச்சல் அதை மூடிவிடும்.

எனக்கு அந்த மூச்சு வேண்டியிருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

பந்துக்குப் பிறகு ஒயரைத் தடிமனானதாக மாற்றினேன். கேசட் ஓடுகிற இடத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். எதிர்ச் சுவரில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து அறையில் படுத்திருந்த என் மனைவியைக் கேட்பேன்.

"முன்னாடி இருந்ததா, இப்ப இருக்கிறதா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு. அவ குரல் கேட்குதில்ல, அது போதும். வந்து தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வைங்க."

ஏற்றி வைப்பேன். அதில் நான் குறை வைத்ததில்லை. அவளுக்கு நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதி. இரண்டு வருஷமாகக் கட்டிலை ஒட்டி ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். குளிப்பாட்டுவதும் நகம் வெட்டிவிடுவதும் நான்தான்.

உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தானே என் மைத்துனன், அவன் ஒருநாள் வந்து கம்பளியையும் பந்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மாமா, வீட்டையே மாத்திட்டீங்க. இன்னும் மாத்தாதது அக்காவும் அந்த மெஷினும்தான்."

"சும்மா இருடா," என்று உள்ளேயிருந்து அவளும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். அன்றைக்கும் வந்தது.

விளையாட்டாகச் சொன்னான். ஆனால் சரியாகச் சொன்னான். இரைச்சல் கேசட்டில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெஷின் நின்றால் கீச்சென்று அலாரம் அடிக்கும். அதற்குள் ஒரு சின்ன பேட்டரி. அதைச் சனிக்கிழமை கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாட்டு முடியற வரைக்கும் மெஷினை நிறுத்தட்டுமா? நாலே நிமிஷம்."

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "அந்த மூச்சுக்காகவா?"

"ஆமா."

"சரி. கதவைத் திறந்து வைங்க, நானும் கேட்கிறேன். முடியலைன்னா சுவத்துல தட்டறேன்."

ஐந்து நிமிஷத்துக்கு மேல் குழாய் இல்லாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு என்பது ஐந்துக்குக் குறைவுதான். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதவு திறந்திருந்தால் சத்தம் அந்தப் பக்கம் போய்விடும், சார்.

கேட்டது. முதல் வரி முடிந்தது. என் மகள் மூச்சு இழுத்தாள். மூக்கில் லேசாகச் சளி இருந்திருக்கிறது அவளுக்கு. அது எனக்கு மறந்தே போயிருந்தது. கம்பளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாட்டின் கடைசியில் இன்னொன்றும் கேட்டது. டக், டக் என்று மெல்லிய தட்டல். ஸ்டீரியோவோடு பழகினவர்களுக்கு இது புரியும். ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட்டால், பழைய பாட்டில் அதுவரை கேட்காததெல்லாம் கேட்கும். வாலு மேஜையில் தாளம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதனால் திரும்பப் போட்டேன். தாளம் வேறு இடங்களில் விழுந்தது. மூன்றாவது தடவையும் போட்டேன். அப்போது தாளமே இல்லை. மூன்றில் அதுதான் மிகத் தெளிவு.

பிறகு கதவைத் திறந்து மெஷினைப் போட்டேன். அவள் கை சுவரை ஒட்டினாற்போல் கிடந்தது. விரல் முட்டிகளில் சுண்ணாம்பு. துடைத்துவிட்டேன். தலையணையையும் ஏற்றி வைத்தேன்.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்கிறான் மைத்துனன். பாவம், அக்கா போன துக்கம். நான் தாளம் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுப்போக வேண்டாம். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் கேசட் பின்னால் சுற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு வினாடி ஆகும். அப்போது ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. அவ்வளவு நேரமும் அந்தத் தாளம் விடாமல் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் வால்யூமைக் கூட்டி வைத்தேன்.