ஆறாவது வைத்தியர்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் ஆறாவது வைத்தியரைச் சந்தித்தேன். மின்விசிறி ஓடவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டார், மரியாதை தெரிந்தவர்.

சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் எனக்குப் பத்தொன்பது வருடம். ஒரு போலியும் என் மேசையைத் தாண்டியதில்லை.

என் கணவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. நாளுக்கு நான்கு ஊசி. கல்யாணமான நாளிலிருந்து நான்கையும் நான்தான் போட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த ஊருக்கும் நான் தனியாகப் போனதில்லை. குறையாகச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் அவருக்கு அலுத்துவிட்டது.

"ஊரான் காகிதத்தையெல்லாம் சலிச்சு எடுக்கிறியே, ஊசியில்லாம பாக்குற ஒரு நல்ல வைத்தியரா எனக்குப் புடிச்சுக் குடு பாப்போம்," என்றார்.

மைத்துனர் சிரித்தார். "அண்ணி கையெழுத்துப் போட்டா அப்பீலே கிடையாது."

முறையாகவே செய்தேன். மாற்று வைத்தியரிடம் போகுமுன் கேட்கச் சொல்லி ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த கேள்விகளை எழுதிக்கொண்டேன். எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன, டாக்டரோடு பேசுவீர்களா, ஊசியை நிறுத்தச் சொல்வீர்களா. ஐந்து பேர் சரியாகப் பதில் சொன்னார்கள். அக்குபஞ்சர் செய்யும் அம்மா கும்பிடவே செய்தார்: "ஊசியில மட்டும் கை வச்சுடாதீங்கம்மா. நான் வலிக்கும் தூக்கத்துக்கும்தான் பாக்குறேன்." ஐவரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஆறாமவரின் சுவரில் தொங்கிய பட்டத்தில் முத்திரை கையால் வரைந்தது. "ஊசிய இன்னைக்கே நிறுத்திடுங்க. ஆஸ்பத்திரியில இதப் பத்தி மூச்சு விடாதீங்க," என்றார்.

அவருக்கு நேரே டிக் போட்டேன்.

அன்றே ஊசியை நிறுத்தினேன். மறுநாள் கணவருக்கு வாந்தி. அதற்கு அடுத்த நாள் மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. நஞ்சு வெளியேறுகிறது என்று வைத்தியர் போனில் சொன்னார். பாவம், அவர் அதை நம்பினார்.

"ஒரே ஒரு ஊசி போட்டுப் பாப்போமா?" என்று இவர் கேட்டார்.

"நீங்கதானே வேணாம்னீங்க," என்றேன்.

மருந்து குளிர்பெட்டிக் கதவில்தான் இருந்தது. எதையும் வீணாக்க எனக்குப் பிடிக்காது.

வைத்தியரைக் கைது செய்துவிட்டீர்கள். அது உங்கள் வேலை. ஆனால் மைத்துனர், அலுவலகத்தார், நீங்களும்கூட, "உங்களையே ஏமாத்திட்டானேம்மா" என்கிறீர்கள். ஆய்வாளர் ஐயா, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே நுழைந்தவுடனே அந்தப் பட்டம் போலி என்று தெரியும். போலி என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியே எழுதுங்கள். என் வேலையில் நான் தவறியதில்லை.

மார்ச் 15, சனிக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு என் கணவர் இறந்தார். பிற்பகல் அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் அனுப்பினேன். காரணம்: எதிர்பாராத மரணம். நான் கொடுத்த ஒரே பொய்க் காகிதம் அது. சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.