வாஷ்பேசினில் வந்த வாடை

வாஷ்பேசின் நாறினால் எல்லோரும் ஃபினாயிலைத்தான் தேடுவார்கள். அதில் பயனில்லை. வாடை மேலே இருப்பதில்லை, அடியில் வளைந்து போகிற குழாயில் இருக்கிறது. சோடா மாவு, எலுமிச்சை, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று பூஞ்சை நாற்றம் எழுந்து வரும்.

"அக்கா, உள்ள எலி குடும்பத்தோட செத்துக் கெடக்கு போல" என்று தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை தொண்டையில் இறங்காது, சிரப்தான். அம்மா போன பிறகு அளந்து கொடுத்தவள் நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கடைசியில் அவனைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் விழும்போது தாங்க ஒரு மடி வேண்டும். அந்த மடி என்னுடையதாக இருந்தது.

புது டாக்டர் மருந்தை மாற்றினார். வலிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பில் போடுகிற பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தான். நல்ல பெண். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். "அவருக்கு மருந்து எவ்வளவுன்னு சொல்லிக் குடுங்கக்கா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் போன பிறகு தம்பி சொன்னான்: "இனிமேலாவது உனக்காக வாழுக்கா."

எனக்காக என்றால் யாருக்காக என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குப் புரியலாம்.

மறுநாள் சிரப் பாட்டிலில் பாதியை வாஷ்பேசினில் ஊற்றினேன். அந்த அளவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்தேன். நிறம் கொஞ்சம் வெளிறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிறவன், கவனிக்கவில்லை. கெடுதல் எதையும் நான் கொடுக்கவில்லை. குறைத்துத்தான் கொடுத்தேன். லேசாக ஒருமுறை வந்தால் போதும், கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும் என்று நினைத்தேன்.

வந்தது. கடையிலேயே விழுந்தான். வேலை போயிற்று. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். நான் ஊற்றுவதையும் கூட்டினேன். "ஏன்க்கா திரும்ப வருது?" என்று என் மடியில் தலைவைத்து அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போது என் வயிறு குளிர்ந்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாடைதான் போகவில்லை. வாஷ்பேசினோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல், நான் கடைக்குப் போயிருந்த நேரம் குழாய்க்காரரை அவனே வரவழைத்துவிட்டான். திரும்பி வந்தபோது வளைகுழாய் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று, பூஞ்சை பிடித்த பாகு.

"இதுல என்னங்க ஊத்துறீங்க, சர்பத்தா?" என்றார் குழாய்க்காரர்.

தம்பி விரலால் தொட்டு முகர்ந்தான். அவனுக்குத் தெரியாத வாடையா?

"அக்கா, இது என் மருந்துக்கா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கும்போதே கண் மேலே செருகியது. அந்த முறை வலிப்பு விடவே இல்லை. குழாய்க்காரர்தான் வண்டி பிடித்து, கை கொடுத்துத் தூக்கி, ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களாம்மா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வேளைகூடத் தவறினதில்ல டாக்டர்."

வாய் தானாகச் சொன்னது. எனக்கு வேறெதுவும் வரவில்லை. பழைய மருந்து பலிக்கவில்லை என்று நம்பி அவர்கள் வேறு வேறு மருந்தாக ஏற்றிப் பார்த்தார்கள். நான் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மனசு கேட்காமல் குழாய்க்காரர் திரும்பி வந்து, குழாயில் மருந்து கிடந்ததைச் சொன்னபோது நேரம் கடந்திருந்தது.

உயிர் இருக்கிறது. பேச்சில்லை, எழுந்து நடக்க முடியாது. பில் போடுகிற அந்தப் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் புகட்டுகிறாளாம். கடைவாயில் வழிந்துவிடுகிறதாம்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை இந்த ஸ்டேஷனிலேயே உட்கார வைத்திருக்கிறீர்களே, வேளையாகிவிட்டது. அவனுக்கு என் கையால் கொடுத்தால்தான் மருந்து இறங்கும்.