சோயா சேர்க்கப்படவில்லை

— அங்கிள், கிரில் கதவை இழுக்காதீங்க! என் கால் உள்ள இருக்கு!

— காலை எடுங்கோ பிள்ளை. பிறகு இழுக்கிறன்.

— எடுத்தா சாத்திடுவீங்க.

— ஓம். சாத்தத்தானே கிரில் போட்டது.

— டேய் சுகு, வேடிக்கை பாக்காத! ஏதாச்சும் பேசு லா.

— பாஸ், நீங்கதானே பழைய ஸ்டேஷன் மாஸ்டர் சண்முகரத்தினம்? நாங்க திருடங்க இல்ல பாஸ்.

— தெரியுது. லிஃப்ட் வேலை செய்யேல்லை. கள்ளர் இவ்வளவு மாடி ஏறி வரமாட்டினம். ஆர் நீங்கள்?

— நான் புனிதா, அங்கிள். கிள்ளான்ல சத்துமாவு பேக் பண்ணி விக்கிறேன். பச்சை பாக்கெட், 'புனிதா சத்துமாவு'. இவன் என் தம்பி சுகுமாறன். வேன் ஓட்டறான்.

— டெலிவரி மேனேஜர் பாஸ்.

— வேன் ஓட்டறான். நேத்து சாயங்காலம் கீழ கடைத்தெருவுல உங்க மருமக எங்க பாக்கெட் ஒண்ணு வாங்கியிருக்காங்க. கடைக்கார அண்ணே சொன்னாரு. அத எங்ககிட்ட குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.

— ஏன்?

— சும்மாதான் அங்கிள். பாக்கெட் டிசைன் மாத்துறோம்.

— டிசைன் மாத்தினா வீடு வீடா வந்து பழசை வாங்குவினமோ?

— எங்க சர்வீஸ் அப்படி பாஸ்.

— பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க இப்பிடித்தான் ஏறி இறங்குறீங்களோ?

— மத்ததெல்லாம் கடையிலயே எடுத்தாச்சு அங்கிள். காஜாங், கம்போங் மேடான், எல்லா கடை பாக்கெட்டும் கீழ வேன்ல கிடக்கு. வித்துப் போனது உங்க வீட்டுது ஒண்ணுதான்.

— அப்ப விசயம் பெரிசு.

— சின்ன விஷயம் அங்கிள். ரொம்பச் சின்னது.

— பிள்ளை, நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அந்த மாவுக்குள்ள, பாக்கெட்டில எழுதாத சாமான் என்ன கிடக்கு?

— ஒண்ணும் இல்ல.

— ஒண்டும் இல்லாததை எடுக்கவோ இப்பிடி மூச்சு வாங்கிக்கொண்டு நிக்கிறீங்கள்?

— வண்டு, பாஸ்! மாவுல வண்டு விழுந்திடுச்சு.

— சுகு!

— சின்ன வண்டுதான் பாஸ். செத்துப் போச்சு. பாவம்.

— தம்பி, டிசைனோ, வண்டோ? ரெண்டில ஒண்டைப் பிடியுங்கோ.

— வண்டு வந்ததாலதான் டிசைனே மாத்துறோம் பாஸ்.

— அங்கிள், அவனை விடுங்க. இந்தப் பையைப் பாருங்க. நெய் முறுக்கு, பூந்தி, எலுமிச்சை ஊறுகா. எல்லாம் உங்களுக்குத்தான். பாக்கெட்ட மட்டும் குடுத்துடுங்க.

— முறுக்குக்குள்ள என்ன கிடக்கு? அதையாவது உண்மையாச் சொல்லுவீங்களோ?

— ஐயோ, முறுக்குல முறுக்குதான் அங்கிள் இருக்கு!

— நான் ரயில்வேயில இருந்தவன். சிவப்புக் கொடி காட்டினா ஏன் எண்டும் சொல்ல வேணும். இல்லாட்டி அடுத்த முறை டிரைவர் கொடியைப் பாக்கமாட்டான். நீங்கள் கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். ஏன் எண்டு சொல்லுறீங்களில்லை.

— உங்க வீட்ல யாராச்சும் அத காய்ச்சி குடிச்சாங்களா அங்கிள்? அத மட்டும் சொல்லிடுங்க.

— என்ர கேள்விதான் முதல் வந்தது. அதுக்குப் பதில் வரட்டும்.

— அக்கா, இங்க வா. கிட்ட வா. சொல்லிடாத. திங்கட்கிழமை சுபாங் ஜெயா சூப்பர்மார்க்கெட்ல நம்ம மாவு ஏறுது. எத்தனை வருஷமா நடந்த! இவரு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாருன்னா, எல்லா கோயில் குரூப்பும் சுத்தி நமக்கே ஃபார்வர்ட் ஆகி வரும்.

— தம்பி, எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

— உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன் பாஸ்.

— சரி. நிண்டு நிண்டு எனக்கும் பசிக்குது. நான் போய் அந்த மாவில ஒரு கஞ்சி காய்ச்சப் போறன். காலை எடுங்கோ பிள்ளை.

— வேணாம் அங்கிள்!

— ஏன்?

— வேணாம்னா வேணாம்!

— வண்டுக்கு ஆரும் இப்பிடிக் கத்தமாட்டினம்.

— அங்கிள்... உங்களுக்கு சோயா ஒத்துக்குமா?

— அக்கா! போச்சு. எல்லாம் போச்சு.

— சோயாவோ? பாக்கெட்டில 'சோயா சேர்க்கப்படவில்லை' எண்டு மூண்டு பாசையில பெரிசா அடிச்சுக் கிடக்கே.

— நான்தான் அடிச்சேன். கேட்டு வாங்குற அம்மாங்க நிறைய பேரு. அதனாலதான் அத அவ்வளவு பெருசா அடிச்சேன்.

— பிறகு சோயா எங்கால வந்தது?

— கிள்ளான்ல கார்த்திகேசு அண்ணே மில்லுலதான் அரைக்கக் குடுப்பேன். எனக்கு முன்னாடி அங்க சீரகம் அரைப்பாங்க. அந்த வாசனை போக, நடுவுல ஒரு வாளி அரிசிய மில்லுல விட்டு ஓட்டுவாரு. மில்லு கழுவின மாவுன்னு சொல்லுவாங்க. அத கொட்டிடணும்.

— கொட்டேல்லையோ?

— கொட்டாதீங்கண்ணே, என் மாவுலயே சேத்துடுங்கன்னு சொன்னது நான். மாவை குப்பையில போட்டா லட்சுமி வெளிய போயிடுவான்னு எங்க வீட்டுப் பேச்சு. அரிசிதானே, என்ன ஆகப்போவுதுன்னு நெனச்சேன். அதுல லேசா சீரக வாசனை வேற வந்துச்சா, கஸ்டமருக்குப் பிடிச்சுப்போச்சு.

— எங்க பிராண்டோட ரகசியமே அந்த வாசனைதான் பாஸ். தயவுசெஞ்சு வெளிய சொல்லாதீங்க.

— இன்னிக்கு காலையில மில்லுக்குப் போறேன். வாளியில அரிசி இல்ல, சோயா இருக்கு. என்னண்ணேன்னு கேட்டா, அரிசிய விட இது நல்லா தொடைக்குதும்மா, நேத்து கடைக்குப் போன உன் மாவுக்கும் இதான் போட்டேன்னு சிரிக்கிறாரு. வழக்கம்போல அந்த மாவையும் என் மாவுலயே சேத்துட்டாரு. கொட்டாதேன்னு நான் சொன்ன சொல்ல அப்படியே காப்பாத்தியிருக்காரு மனுஷன்.

— ஆனா பாஸ், சோயா என்ன விஷமா? ராத்திரி சந்தை பாசார் மாலாம்ல சோயாக் கட்டி, அதான் தௌஃபூ, வாங்காத ஆள் உண்டா? வெயிலுக்கு ஐஸ் போட்டு சோயா தண்ணி. சைவக் கல்யாணத்துல மட்டன் வறுவல்னு நாம மூணு தடவை வாங்கித் திங்கிறோமே, அது என்ன? சோயாதானே! நாடே திங்குது லா.

— நான் இல்லேங்கலடா. சோயா நல்ல சாமான்தான், ஒத்துக்கறவங்களுக்கு. ஒத்துக்காத புள்ளைக்கு ஒரு ஸ்பூன் போதும். உதடு வீங்கி, மூச்சு அடைச்சிடும். அந்த மாதிரி புள்ளைய வச்சிருக்கறவ கடையில நின்னு பாக்கெட்ட திருப்பித் திருப்பிப் படிப்பா. அவ நம்பிப் படிக்கிற எடத்துல நான் பொய் அடிச்சு வச்சிருக்கேன்.

— நீ பொய் அடிக்கல. கார்த்திகேசு அண்ணே வாளிய மாத்திட்டாரு.

— பாக்கெட்டுல அவரு பேரா இருக்கு? என் பேருடா இருக்கு.

— பிள்ளை, அந்த மாவில சோயா நிச்சயமா இருக்கோ? அப்பிடி இருக்கலாம் எண்ட கதையோ?

— நிச்சயம் அங்கிள். நானே பாத்தேன்.

— வேற ஏதும் புதிசா? முந்திரி, நிலக்கடலை, எள்ளு?

— எதுவும் இல்ல. சோயா மட்டும்தான்.

— ஒருக்கா சத்தமாச் சொல்லுங்கோ.

— இப்பதான் பாஸ் காது நல்லா கேக்கும்னீங்க.

— சொல்லுங்கோ பிள்ளை.

— என் மாவுல சோயா இருக்கு! போதுமா அங்கிள்? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கதவைத் திறந்து பாக்குறாங்க. சூப்பர்மார்க்கெட்டுக்கும் நானே போன் பண்ணி நிறுத்திடறேன். இப்பவாச்சும் பாக்கெட்ட குடுங்க.

— பாக்கெட் இஞ்ச இல்லை.

— இல்லையா?

— காலையிலேயே போயிட்டுது.

— கஞ்சி காய்ச்சப் போறேன்னீங்களே பாஸ்!

— வேற என்ன சொல்ல? உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்கள் காலை எடுத்துக்கொண்டு நேரா வக்கீலிட்டப் போயிருப்பீங்கள்.

— அங்கிள், எனக்கு ஒண்ணும் புரியல. பாக்கெட் எங்க போச்சு?

— கொஞ்சம் பொறுங்கோ, மகன் ஆஸ்பத்திரியில இருந்து போனில நிக்கிறான், பாக்கெட்டும் அவனிட்டத்தான்... நிர்மலன், கேட்டதே? சோயாதானாம். பாக்கெட்டில இல்லையெண்டு கிடக்கிறதைப் பாத்திட்டு வேற என்னத்தையோ தேடிக்கொண்டிருக்க வேண்டாமெண்டு டாக்டரிட்டச் சொல்லு, காலையில உன்ர சின்னவள் குடிச்ச கஞ்சி அதுதான்.