நிஜமாகவே கடைசி

மழை தூறினால் டிக்கெட் வாங்கியவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கு வராது, ஐயா. காசு போனால் போகிறது, சட்டை நனையக் கூடாது. மாதத்தில் இருபதாம் தேதியைத் தாண்டினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். விலையை ரொம்பக் குறைத்தால் வாங்குவார்கள், ஆனால் வரமாட்டார்கள். சும்மா கிடைத்ததற்கு யார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது? இதெல்லாம் என் மூளையில் உதித்ததல்ல. நாற்காலிக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன அரங்கில் நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சியும் சொல்லிக்கொடுத்தது. எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்குத் தாங்கிப் பிடிக்கக் கம்பெனி கிடையாது. ஒரு தடவை விலை பிசகினால் அடுத்த நிகழ்ச்சியே இல்லை. அதனால் போன தடவை என்ன நடந்தது என்று பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை. இதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

பாடியவர் என் மாமனார். எழுபதைத் தாண்டியும் அவர் குரல் உச்சத்துக்குப் போனால் முன்வரிசை கண்ணைத் துடைக்கும். என் மனைவி பக்கத்தில் நின்று கூடப் பாடுவாள். டிக்கெட், விளக்கு, நாற்காலி, மாமாவின் மாத்திரை எல்லாம் என் தலையில். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அது. தான் மறந்தாலும் மாப்பிள்ளை மறக்கமாட்டான் என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பழைய நிகழ்ச்சிகளில் எது நிறைந்தது என்று பார்த்தபோது ஒரே ஒரு சொல் தனியாகத் தெரிந்தது. கடைசி. பாட்டை விடப்போகிறேன் என்று மாமா சொன்ன வருடம் போஸ்டரில் 'கடைசி நிகழ்ச்சி' என்று போட்டேன். நிற்க இடமில்லை. மறுவருடம் மாமாவுக்குத் தொண்டை அரித்தது. மறுபடியும் கடைசி, முக்கால் அரங்கு. மூன்றாவது கடைசிக்குப் பாதிதான். புலி வருது கதையாகிப் போனோம். அன்றைக்கு டிக்கெட் வாங்க நின்ற ஒரு அம்மா கேட்டார்.

"ஏன் தம்பி, இது எத்தனாவது கடைசி?"

வரிசையே சிரித்தது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் அவமானமாக இருந்தது. இன்றைக்கும் அது ஆறவில்லை. நான் விலையில் கறார்தான். ஆனால் இல்லாத சரக்கை இருக்கிறது என்று ஒருநாளும் விற்றவனில்லை.

அதனால் இந்த வருடம் 'இது நிஜமாகவே கடைசி' என்று போட்டேன். விலை மூன்று மடங்கு. மனைவி பயந்துபோனாள்.

"என்னங்க இது, இவ்வளவு விலைக்கு யாரு வருவா? அடுத்த வருசமும் பாடுவேன்னு அப்பா அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பிடிக்கமாட்டாரு."

"எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

அவளைவிட எனக்குத் தெரியும். பாடும்போது அவள் சபையைப் பார்ப்பாள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று மாமாவின் கையைப் பார்ப்பேன். எந்தப் பாட்டு முடிந்ததும் அந்தக் கை நெஞ்சுக்குப் போகும், எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் முகம் தெளியும், எல்லாம் எனக்கு மனப்பாடம். உச்சத்துக்குப் போகிற பாட்டு இரண்டு உண்டு. அவற்றுக்கு நடுவில் இடைவேளை வைத்துக் கொடுத்தவனே நான்தான். இந்தத் தடவை அதை எடுத்துவிட்டேன். மாமா ஏன் என்று கேட்டார். ஜனங்கள் எழுந்து போனால் சூடு ஆறிவிடும் என்றேன்.

"நீ சொன்னா சரிதான் மாப்ள," என்றார்.

அன்று அரங்கு நிரம்பி வழிந்தது. மேடைக்குப் போகுமுன் மாமா திரையை விலக்கிப் பார்த்தார். சின்னப் பிள்ளையைப் போல அவருக்குச் சந்தோஷம்.

"பாத்தியா மாப்ள கூட்டத்த. அடுத்த வருசமும் ஒரு கடைசி போட்டுருவோம்."

அதுவரை எனக்குள் கொஞ்சம் இழுபறி இருந்தது, மறைக்கவில்லை. அந்தப் பேச்சோடு அது தீர்ந்தது.

அந்த இரண்டு பாட்டில் முதலாவது முடிந்ததும் கை நெஞ்சுக்குப் போனது. மூச்சு விட இடம் கொடுக்காமல் அடுத்த பாட்டுக்கு விளக்கை மாற்றினேன். பாடினார். அவர் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சபை எழுந்து நின்று தட்டியது. மாமா திரைக்குப் பின்னால் வந்து முக்காலியில் சாய்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"மாப்ள, மாத்திரை."

"வண்டில இருக்கு மாமா. எடுத்துட்டு வரேன்."

மாத்திரை டப்பி என் சட்டைப் பையில் இருந்தது. படியிறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். மேலே கைதட்டல் விடாமல் கேட்டது. இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அது அடங்கி, யாரோ என்னைத் தேடி ஓடிவருகிற சத்தம் வந்த பிறகுதான் ஏறினேன். மனைவி இன்னும் மேடையில்தான் நின்றிருந்தாள். அப்பா இதோ வந்துவிடுவார் என்று சபைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமனாரைச் சாகவிட்டேன் என்று உங்கள் ஏட்டு எழுதுகிறார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். கொன்றேன் என்றே இருக்கட்டும். சொல்லில் பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று காசு கொடுத்து வந்தவர்களில் ஒருவராவது, போஸ்டரில் போட்டது பொய் என்று உங்களிடம் வந்தாரா?

துவைக்கப் போட்ட சட்டையில் டப்பி அவள் கையில் சிக்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று உங்களிடம் சொன்னாளாமே. கோபத்தில் சொல்லியிருப்பாள். கல்யாணமானதிலிருந்து எத்தனை தடவை இப்படிப் போயிருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பி வராமல் இருந்ததில்லை. நடந்ததை வைத்துத்தானே, ஐயா, நடக்கப்போவதைச் சொல்ல முடியும். நாலு நாள் பொறுங்கள். வாசலில் வண்டி வந்து நிற்கும். எப்போதும்போல மாமாதான் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, "இந்தா மாப்ள, பத்திரமாப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போவார்.