எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்

தையல் வலிக்கல டாக்டரம்மா. நூலெல்லாம் எப்பவோ கரைஞ்சிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. வலின்னது வெளியில உக்காந்திருக்கிற என் மாமியாருக்காக. இல்லன்னா கூடவே உள்ள வந்துடுவாங்க. கதவைச் சாத்திக்கலாமா?

மறக்க முடியுமா அந்த ஆபரேஷனை? இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு. குழந்தை அழுதுச்சு, எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் ரத்தம் உறிஞ்சுற மெஷின் மட்டும் நிக்காம ஓடிச்சு. கர்ப்பப்பை சுருங்கலன்னீங்க. ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாப்போம், ரத்தம் நின்னா தையல், நிக்கலன்னா எடுத்துடலாம்னீங்க. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.

மறுநாள் ஒரு துண்டைச் சுருட்டி, ஸ்கூல் பைக்கு வார் போடற மாதிரி ரெண்டு பக்கமும் நூலைச் சுத்தி இறுக்கி, இப்படித்தான் தச்சேன்னு காட்டினீங்க. பையைக் காப்பாத்தியாச்சு, இன்னொன்னு தாராளமா பெத்துக்கலாம்னு உங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டின மாதிரி ஆயிடுச்சு.

அத்தை வார்டுலயே ஆரம்பிச்சுட்டாங்களே. ஒரு கண்ணு கண்ணுமில்ல, ஒரு பிள்ளை பிள்ளையுமில்லையாம். எங்க வீட்டுக்காரரு, எடுக்கறதுன்னாலும் எடுங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு ரத்தம் தேடி ஓடினவரு. நீங்க அந்தப் பக்கம் போனதும் வந்து, எடுத்துட்டாங்களான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துடுச்சு. உசுரு பொழைச்சதே பெருசுன்னு உங்களையும் யாரும் கேக்கல.

திட்டினாங்களாவா? அய்யோ, அதான் இல்ல. அத்தை ஒரு மூச்சு அழுதாங்க. அன்னையிலேருந்து என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறாங்க. குனிஞ்சு ஒரு வாளி தூக்க விடறதில்ல. அவங்க முகத்தைப் பாத்து இனிமே எப்படி மாத்திச் சொல்றது?

பை இல்லாதவளுக்கு மாசாமாசம் எப்படி வரும், நீங்களே சொல்லுங்க. தீட்டுத் துணியைக் குழந்தையோட அழுக்குத் துணிக்குள்ள சுருட்டி வச்சு, சொந்த வீட்டுலயே திருடி மாதிரி வெளியே கொண்டு போவேன். இல்லாத பைக்கு எதுக்குக் காவல்னு அவரும் எதுவும் போட்டுக்கறதில்ல. ஜாக்கிரதையா இருங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? பயமா இருக்கு டாக்டரம்மா. இன்னொரு தடவை அந்த மெஷின் சத்தத்தைக் கேக்க என்னால முடியாது.

எதுக்கு வந்தேன்னா... போன மாசம் ஒளிக்கறதுக்கு ஒன்னும் வரல. இந்த மாசமும் வரல.