ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு கார்கள்

ஒரு காரைக் கையால் கழுவ எவ்வளவு நேரமாகும் என்று கேட்டீர்கள். ஒழுங்காகக் கழுவினால் இரண்டரை மணி நேரம், ஐயா. இருபது நிமிடத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

கூரையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் ஸ்பாஞ்சை அலச நல்ல தண்ணீர். குழாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்க முடியாது. எங்கள் மலையில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது. மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்ததில்தான் குளியல், சமையல், துணி எல்லாம். குழாயோடு பிடிபட்டால் அபராதம். அபராதத்தைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம், எதிர்வீட்டுப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. ஆகவே எனக்கு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இரண்டு வாளி. பத்தொன்பது வருடங்களாக இதுதான் கணக்கு. ஜும்மாவுக்குப் போகிறவர்கள் என் காரின் கதவில் முகம் பார்த்துத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போவார்கள்.

என் மனைவி ஃபித்தா மாடியிலிருந்து கேட்பாள்: "அபூ ஸக்ர், அந்தக் கார் ஒரு நாளாவது உங்களுக்கு டீ போட்டுக் குடுத்துச்சா?" நியாயமான கேள்விதான்.

கீழ்வீட்டில் அவளுடைய தம்பி முஃப்லிஹ் இருக்கிறான். இருந்தான். இப்போது எங்கே இருக்கிறான் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வெள்ளைக் கார் வாங்கினோம். அதன்பிறகு அவன் காரில் தண்ணீர் பட்டது மழை பெய்தபோது மட்டும். பின்கண்ணாடித் தூசியில் நான் விரலால் எழுதிவைப்பேன்: இந்தக் கழுதையைக் குளிப்பாட்டுங்கள். அவன் அதை அழிக்காமல் ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு போவான். யாராவது கேட்டால், என் மச்சான் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பான். நல்ல பையன். ஐம்பத்திரண்டு வயதானவனைப் பையன் என்கிறேன், மன்னிக்கவும். சர்க்கரை நோய் வந்த பிறகும் பாக்கெட்டில் மிட்டாய் வைத்திருப்பவனை வேறெப்படிச் சொல்வது.

இப்போதெல்லாம் ஏன் இப்படித் தடவித் தடவிக் கழுவுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடங்களாக என் வலது கண்ணில் ஓரப் பார்வை இல்லை. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இனிமேல் ஓட்டாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். உரிமம் புதுப்பிக்கும் இடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை, எனக்கு முன்னால் நின்ற நான்கு பேர் சத்தமாகப் படித்தார்கள். நான் காதால் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அருமையான கண்கள் என்றார் அந்த அதிகாரி. கண் பார்க்காததை விரல் பார்க்கும், ஐயா. தகட்டின் மேல் ஒட்டிய ஒரு மணல் துகளைக்கூட என் விரல் கண்டுபிடித்துவிடும். காரைத் தடவிக்கொண்டிருக்கும் அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் நான் முழுக் கண்ணுள்ள மனிதன்.

அந்த வெள்ளிக்கிழமை மூடுபனி. ஏழு மணிக்கு முன்னால் ஹும்முஸும் ஃபலாஃபெலும் வாங்கக் கிளம்பினேன். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைக் காலை உணவை ஆண்தான் வாங்கி வர வேண்டும். வாராவாரம் நாங்கள் செய்யும் ஒரே வீட்டு வேலை அது. மலைப்பாதையின் இரண்டாவது வளைவில், வலதுபக்கத்தில் ஏதோ பட்டது. கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஃபித்தா, இன்றைக்கு எலுமிச்சை கம்மி என்றாள். சாப்பிட்டோம். எட்டு மணிக்கு வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கழுவாமல் விட்டிருந்தால்தான் தெரு முழுக்க உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கும்.

பம்பரின் வலது மூலை உள்ளே போயிருந்தது. பிளாஸ்டிக் பம்பருக்கு ஒரு வழி உண்டு: கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பின்னாலிருந்து கையால் தள்ளினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். டீக்கு வைத்திருந்த கெட்டிலைக் கேட்டேன். ஃபித்தா சிரித்துக்கொண்டே கொடுத்தாள், கடைசியில் நீங்கள் அதற்கு டீ போட்டுக் கொடுக்கிறீர்களா என்று. பிறகு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் முன்பக்கக் கிரில்லை ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்தேன். ஒரு கட்டத்தில் பழுப்புக் கம்பளி மாட்டியிருந்தது, ஆட்டுத்தோல் அங்கியின் உள்பக்கத்தில் இருக்குமே, அது. எடுத்து வாளியின் விளிம்பில் வைத்தேன். மூன்று கீறல்கள். பாலிஷ் போட்டதில் இரண்டு போயின. மூன்றாவதற்குத் தீப்பெட்டிக் குச்சியால் பெயின்ட் தொட்டு வைத்தேன். கடைசியாக மெழுகு. பழைய பனியனால் வட்டவட்டமாகத் துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எந்தக் காரையும் கழுவியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் துணியை உதறிக்கொண்டிருந்தபோது முஃப்லிஹ் ஆலிவ் தோப்பிலிருந்து வந்தான். விடிகாலையில் அதே பாதையில் போனவன். கார் முழுக்கச் சேறு. முன் விளக்கு ஒன்று கோடையிலேயே உடைந்தது, மாற்றவில்லை. அவனைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இளகியது. கொண்டு வா, உன் காரையும் கழுவித் தருகிறேன் என்றேன்.

அவன் காரிலிருந்து இறங்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மச்சான், காய்ச்சல் இல்லையே. எனக்குத் தெரியாம ஏதாச்சும் பண்ணிட்டியா? இவ்வளவு பாசம் எங்கேர்ந்து வருது?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். மிட்டாய் ஒன்று கொடுத்தான்.

தண்ணீர் பஞ்சம், ஐயா. அதே வாளிகள், அதே ஸ்பாஞ்சு. அவன் காருக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினேன். வாளி விளிம்பில் வைத்திருந்த கம்பளி எப்படியோ ஸ்பாஞ்சோடு போய் அவன் கிரில்லில் மாட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்தேன். உங்கள் பரிசோதனைக் கூடத்து ஆள், இழை கம்பியில் இரண்டு முறை சுற்றி உட்பக்கமாகச் செருகியிருந்தது என்று எழுதியிருக்கிறார். நல்ல கண்கள் அவருக்கு. என் விரல்கள் சில வேலைகளை என்னைக் கேட்காமலே செய்துவிடுகின்றன.

மலைப்பாதையில் ஓர் ஆள் அடிபட்டுச் செத்திருந்தார், அங்கே வெள்ளைப் பெயின்ட் கிடந்ததாம். மறுநாள் போலீஸார் மலையில் உள்ள எல்லா வெள்ளைக் கார்களையும் பார்த்தார்கள். என் காரின் முன்னால் நின்ற போலீஸ்காரர் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினார். இதைத்தான் வாராவாரம் பார்க்கிறோமே என்று போய்விட்டார். கீழே முஃப்லிஹின் காரில் உடைந்த விளக்கும் கம்பளியும் இருந்தன.

அவன் முதலில் மறுத்தான். பிறகு யோசிக்க ஆரம்பித்தான். யோசிக்கிறவர்களுக்கு நேரும் கஷ்டம் அது. மூடுபனியில் எங்கோ ஒரு குலுக்கல் இருந்ததாக அவனுக்கு நினைவு வந்தது; கல் என்று நினைத்தேனே என்றான். காவலில் அவனைப் பார்க்கப் போனபோது என் சட்டையைக் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீதானே கழுவினே. உன் கைக்குத் தெரியாதது கிடையாது. என் கார்ல ரத்தம் இருந்துச்சா? இல்லைன்னு சொல்லு, நான் சாகிற வரைக்கும் மறுத்துக்கிட்டே இருப்பேன். இருந்துச்சுன்னா ஒத்துக்கிறேன். நீ என்ன சொல்றியோ அதான்."

என் கையில் இருந்தது அவனுடைய வாழ்க்கை. அது எனக்குத் தெரிந்தது.

"தண்ணி கொஞ்சம் செவப்பா ஓடுச்சுடா," என்றேன். "செம்மண்ணுன்னு நெனச்சேன்."

அவன் என் சட்டையை விட்டுவிட்டான். அது பொய்யில்லை. அந்தத் தண்ணீர் உண்மையிலேயே சிவப்பாகத்தான் இருந்தது.

இறந்தவர் அவ்வாத், ஆட்டிடையர். அவருடைய குலமும் எங்கள் குலமும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவன் கையால் ஓர் உயிர் போனால், அவனுடைய குடும்பம் குற்றத்தை ஏற்றுக்கொண்டு, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அவனுடைய சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதனால் முஃப்லிஹின் வீட்டார், செய்தானா இல்லையா என்று மேற்கொண்டு கேட்கவில்லை. செய்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பேசுவதற்கு நாக்கு உள்ள ஒருவன் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைப்பேன் என்று எனக்கு ஒரு பெயர்.

முப்பது பேர் போனோம். என் காரில்தான் பெரியவர்களை ஏற்றினார்கள், அதுதான் சுத்தமாக இருக்கிறது என்று. ஓட்டியது பக்கத்து வீட்டுக்காரர். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் அவ்வாதின் அண்ணன் ஹாஜி தைஃபல்லாவுக்கு வலப்பக்கம் எனக்கு இடம். காப்பி ஊற்றினார்கள். வந்த காரியம் ஆகும்வரை விருந்தாளி காப்பியைத் தொடக் கூடாது. கோப்பையை எனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டுப் பேசினேன். நன்றாகப் பேசினேன், ஐயா. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் நான்.

ஹாஜி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அடிச்சதைப் பத்திப் பேசல, அபூ ஸக்ர். பனி, வளைவு, விதி. எல்லாம் சரி. என் தம்பி ரெண்டு மணி நேரம் உசுரோட கெடந்தான்னு டாக்டர் சொல்றாரு. அது தொண்டையில நிக்குது. அவன் உசுரோட இருக்கான்னு அடிச்சவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே போனானா?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாது, ஹாஜி. அல்லாஹ் மேல ஆணை. தெரிஞ்சிருந்தா போயிருப்பானா?"

ஹாஜி தானே குனிந்து என் கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அப்படின்னா அடிச்சவனை அல்லாஹ்வுக்காகவும், வந்த உங்க முகத்துக்காகவும் மன்னிச்சுட்டோம். குடிங்க."

குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. மூன்று கோப்பை குடித்தேன்.

அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் தூங்கினேன். குடும்பம் மன்னித்தாலும் அரசாங்கத்தின் வழக்கு தனி என்று நீங்கள் முஃப்லிஹை உள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நேற்று ஃபித்தா சிறை மருத்துவமனையிலிருந்து வந்தாள். அவன் இன்சுலின் ஊசியை மறுத்துப் பதினொரு நாளாகிறதாம். வற்புறுத்திப் போட்டால் கையை உதறுகிறானாம். பார்வை மங்கிவிட்டதாம். ஓர் ஆளைச் சாகவிட்டுப் போனவனுக்கு எதற்கு மருந்து என்று கேட்கிறானாம். அதைச் சொல்லிவிட்டு ஃபித்தா கேட்டாள்: "உங்க பேச்சைத்தானே அவன் கேப்பான். என்னத்தையாச்சும் சொல்லுங்களேன். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." அவள் என் காலடியில் உட்கார்ந்தாள், ஐயா. நாற்பது வருடத்தில் அவள் என் காலடியில் உட்கார்ந்ததில்லை.

அதனால்தான் கழுவுவதைப் பற்றிக் கேட்க நீங்கள் கூப்பிட்டபோது, இரண்டு வரியில் முடிக்காமல் இவ்வளவும் சொன்னேன்.

அவ்வாதை இடித்தது நான். இறங்கியும் பார்த்தேன். ஓடையோரம் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. பேசினார். "ஆடுங்க ரோட்டுக்கு வந்துடும், தம்பி, கொஞ்சம் ஓட்டிவிடு," என்றார். ஓட்டிவிட்டேன். எல்லா ஆடுகளையும் சரிவின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் கண்ணுக்கு அது சுலபமான வேலையில்லை. ஒன்றுமே செய்யாமல் போய்விட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. திரும்பி வந்தபோது, "யாரையாச்சும் கூப்பிடு," என்றார். இதோ வந்துவிடுகிறேன் என்றேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸோடு போலீஸும் வரும், போலீஸ் வந்தால் கண்ணைச் சோதிப்பார்கள். ரொட்டி வேன்காரர் ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் அவரைக் கண்டபோது உடம்பில் சூடு இருந்ததாம். ஒன்பது மணிக்கு நான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் உடனே சிறைக்குப் போன் செய்யுங்கள். நீ இல்லை, உன் மச்சான்தான் என்று சொல்லி அவனுக்கு ஊசி போடச் சொல்லுங்கள். நேரில் போய் நான் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் அவன் ஏதாவது தமாஷ் சொல்லித் தொலைப்பான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டுங்கள். ஆனால் தாளின் தலைப்பில் வாக்குமூலம் என்று போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ஹாஜி தைஃபல்லா முப்பது பேர் முன்னால் அடித்தவனை மன்னித்தார்; அடித்தவன் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்தான். அந்த விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது, ஐயா. இதைப் பெயர்த் திருத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.